நாலு விரல் ஆழம்

அம்சவேணி இருபத்திரண்டு வருடமாக உர வேலையில் இருக்கிறார். முதல் பதிமூன்று வருடம் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கையால் அள்ளி வீசினார். அதன் பிறகு சூப்பர்வைசர் ஆகி, வீசுகிறவர்களுக்குப் பின்னால் குடையும் நோட்டுமாக நடந்தார். நீலகிரியில் சேரம்பாடிக்கு மேலே ஒரு தனியார் தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம், அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பிறந்தது, கல்யாணமானது, புருஷனை மண்சரிவில் இழந்தது எல்லாம் இதே டிவிஷனில்தான்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உர வேலை கஷ்டமாகத் தெரியும். கை எரியும், நகக்கண் வெடிக்கும், காற்று எதிர்த்து அடித்தால் தொண்டைக்குள் உப்புக் கரிக்கும். ஆனால் அந்த வேலைக்குப் போக எஸ்டேட்டில் போட்டி உண்டு. காரணம், அது முடித்தால் போகலாம் என்கிற வேலை. ஆளுக்கு நாலு மூட்டை. கைவேகம் உள்ளவர்கள் பன்னிரண்டு மணிக்கு, எஸ்டேட்டின் வரிசை வீடான லைன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் ஐந்து மணி வரை மலையில் நிற்கும்போது உர கேங்கின் பெண்கள் விறகு பொறுக்கி, துணி துவைத்து, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டு, யானை இறங்குவதற்கு முன்னால் அடுப்பு வேலையையும் முடித்திருப்பார்கள்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்த எல்லாத் தகராறும் அந்த மத்தியானத்தைப் பற்றியதுதான்.

மூன்று வருடத்துக்கு முன் மார்ச் மாதம் அம்சவேணியின் மகள் ரேகா திருப்பூரிலிருந்து பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. தாய்ப்பால் போதவில்லை என்று பந்தலூர் டாக்டர் பால் பவுடர் எழுதிக் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் லைனுக்குத் தண்ணீர் தரும் தொட்டியில் பச்சைப் பாசி திரண்டு குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கீழே இருக்கும் ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் அது. வாரத்துக்கு ஒருமுறை கம்பி விட்டுக் குத்தித்தான் குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. கிராம செவிலியர் ஷைனா வீட்டுக்கு வந்தபோது அந்தப் பாசியைப் பார்த்து, ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து ஒரு காகிதத்தோடு வந்து, தன் மலையாளத் தமிழில் சொன்னார்.

"அம்சவேணி சேச்சி, இந்தத் தண்ணியில குழந்தைக்குப் பால் கலக்கக் கூடாது கேட்டோ."

"நான் நல்லாக் கொதிக்க வச்சுத்தாங்க குடுக்கிறேன். பத்து நிமிஷம் கொதிக்குது."

"காய்ச்சினா கிருமிதான் சாகும். இது நைட்ரேட். காய்ச்சக் காய்ச்சத் தண்ணி குறையும், இது அப்படியே நிக்கும். நாப்பத்தஞ்சுக்கு மேல இருக்கக் கூடாது. உங்க தொட்டியில எழுபத்திரண்டு. சின்னக் குழந்தைக்கு ரத்தத்துல மூச்சுக்காத்து ஏறாமப் போயிரும், உடம்பு நீலமாயிரும்."

"அது எங்கிருந்துங்க வருது?"

ஷைனா ஜன்னல் வழியாக மேலே ஒன்பதாம் நம்பரைப் பார்த்தார். "உரம் போடறீங்கல்லே?" என்றார்.

ஒன்பதாம் நம்பரில் உரம் போட்டது யார் என்று அம்சவேணிக்கு நோட்டைப் பார்க்காமலே தெரியும். ஒவ்வொரு ஜூனிலும், மழை பிடிப்பதற்கு முன் போட்டுவிட வேண்டும் என்று ஆபீஸ் விரட்டும். போட்ட மறுநாளே மழை கொட்டும். வெள்ளையாக ஓடும் கால்வாயைத் தாண்டித்தான் அவர்கள் வீட்டுக்கு வருவார்கள். அது எங்கே போய்ச் சேரும் என்று அவர் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. யாராவது ஏமாற்றியிருந்தால் அவர்களைத் திட்டலாம். இது கண்முன் நடந்தது, அவரே நின்று நடத்தியது.

அடுத்த ஐந்து மாதம் அவர் தினமும் விடிந்ததும் உரம் படாத சோலைக்காட்டு ஓரத்து ஊற்றுக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். போக வர முக்கால் மணி நேரம். யானைச் சாணம் சூடாகக் கிடந்தால் திரும்பி வந்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி போவார்.

அந்த வருடம் ஆகஸ்டில் உதவி மேனேஜர் அஸ்வந்த் சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். இருபத்தெட்டு வயது, வேளாண்மைப் படிப்பு முடித்து வந்தவர். டப்பாவில் பட்டாணியைவிடப் பெரிய, மங்கலான மஞ்சள் நிறத்தில் உருண்டைகள். யூரியாவையும் பொட்டாஷையும் அழுத்தி உருட்டி, மேலே ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். செடிக்கு இரண்டு உருண்டை, மேட்டுப் பக்கமாக, நாலு விரல் ஆழத்தில் குத்தி வைத்து மண்ணை மூடிவிட வேண்டும். பூச்சு மெதுவாகக் கரையும், வேர் மெதுவாகக் குடிக்கும். மழை அடித்துக்கொண்டு போகாது. வீசுகிற உரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலும் கொழுந்து குறையாது என்றார்.

"ஒரு டிவிஷன்ல ட்ரையல் பண்ணணும். யார் எடுத்துக்கறீங்க?"

மற்ற மூன்று சூப்பர்வைசர்களும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியும், கேங்கில் உதை விழும் என்று. அம்சவேணி எழுந்தார்.

"ஒன்பதாம் நம்பர்ல பண்ணலாங்களா சார்?"

"அது ரொம்பச் சரிவு ஆச்சே அம்சக்கா. நல்ல இடமா எடுத்துக்கங்களேன்."

"ஒன்பதுதான் வேணுங்க."

உருண்டைகளோடு ஒரு கருவியும் வந்தது. நீளமான குழாய், அடியில் கூரான மூக்கு, மேலே பிடி. குழாயில் உருண்டையைப் போட்டு, மண்ணில் குத்தி, பிடியைத் திருகினால் மூக்கு திறந்து உருண்டை உள்ளே விழும். சமவெளியில் நின்று வேலை செய்கிறவர்களுக்காகச் செய்தது. ஒன்பதாம் நம்பரில் ஆள் செடிக்குக் கீழே நிற்பார், குத்த வேண்டிய இடமோ அவர் நெஞ்சுக்கு நேரே இருக்கும். குழாயைத் தலைக்கு மேல் தூக்கித்தான் குத்த வேண்டும். இரண்டு கையும் பிடியில் இருப்பதால் கால் சறுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஈர மண் மூக்கில் அடைத்துக்கொண்டது. ஆளுக்கு அறுநூறு செடி என்று ஆபீஸ் சொல்லியிருந்தது. முதல் நாள் அந்த அறுநூறை முடிக்கும்போது மணி மூன்றரை.

கேங்கில் மூத்தவர் சின்னம்மை. ஐம்பத்தாறு வயது. அம்சவேணிக்கு உரம் வீசக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். அன்றைக்குக் கருவியை ஸ்டோர் வாசலில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"அம்சா, நீ என்னா நெனச்சுக்கிட்டு இத வாங்கியாந்த? மூட்டையத் தூக்கி வீசிட்டுப் பன்னெண்டு மணிக்குக் கஞ்சி குடிச்சவுங்கள இப்பிடி வெயில்ல நிக்க வச்சிட்டியே."

"தொட்டித் தண்ணிக்காகத்தான் அக்கா. நம்ம புள்ளைங்க குடிக்கிற தண்ணி."

"நாப்பது வருசமா அதத்தானே குடிக்கிறோம்? நா செத்தா போயிட்டேன்?"

ஷைனா சொன்னதை அம்சவேணி விளக்கினார். சின்னம்மை கேட்டுக்கொண்டார். குழந்தையைப் பற்றி அவருக்கும் கவலை உண்டு, ரேகா அவர் தூக்கி வளர்த்தவள். ஆனால் அவருடைய மூட்டு வலிக்கு அந்த விளக்கத்தில் மருந்து இல்லை. "சரி, அதுக்கு எங்க இடுப்புத்தானா கெடச்சுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்சவேணி கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபேக்டரி ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். ஃபிட்டர் சில்வஸ்டர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பெஞ்சில் படுத்திருந்தார். வாயைத் திறந்தால் குறை சொல்வார், ஆனால் உடைந்த பொருளைக் கொடுத்தால் பேச்சு நின்றுவிடும்.

"இத எவன் செஞ்சான்? அவன் மலையையே பாத்திருக்க மாட்டான்."

"அதுக்குத்தாண்ணே உங்ககிட்ட வந்தேன். நெட்டையா இருக்கு. ஒரு கையில பிடிக்கற மாதிரி வேணும். இன்னொரு கை செடியைப் பிடிக்கணும்."

"கம்பெனிச் சாமான். வெட்டினா என்னயக் கேப்பான்."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சில்வஸ்டர் மறுநாள் ஒன்பதாம் நம்பருக்கே வந்து, அம்சவேணி குத்துவதைக் கீழே நின்று பார்த்தார். ஒன்றரை அடி குழாயை வெட்டி எறிந்தார். திருகுகிற பிடியை எடுத்துவிட்டு, பழைய மொபெட்டின் பிரேக் லீவரையும் ஒயரையும் மாட்டினார். அமுக்கினால் மூக்கு திறக்கும், விட்டால் மூடும். மண் அடைக்காமலிருக்க மூக்கை வாத்தின் அலகு மாதிரி தட்டையாக்கினார். ஐந்து முறை செய்து, ஐந்து முறையும் திட்டிக்கொண்டே மாற்றினார். ஆறாவது கருவியைச் சின்னம்மை கையில் கொடுத்தபோது அவர் பத்துச் செடிக்குக் குத்திப் பார்த்துவிட்டு, "இது பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பேச்சு.

பதினாலு கருவி செய்ய மூன்று வாரம் ஆனது. செப்டம்பர் சுற்றில் கேங் அறுநூறு செடியை முடிக்கும்போது மணி பன்னிரண்டரை. மத்தியானம் திரும்பி வந்துவிட்டது. கையும் எரியவில்லை, உரத் தூளும் தொண்டைக்குள் போகவில்லை. மழைக்குப் பிறகு அம்சவேணி கால்வாயோரம் போய் நின்று பார்த்தார். தண்ணீர் மண் நிறத்தில் ஓடியது, வெள்ளை இல்லை. அந்த ஒரு மாதம் அவர் லைனில் சிரித்துக்கொண்டு திரிந்ததாக ரேகா சொல்கிறாள்.

நவம்பரில் பெரிய மேனேஜர் ஒன்பதாம் நம்பருக்கு வந்தார். பாதையில் நின்ற ஜீப்பை விட்டு இறங்காமலே பார்த்தார். மணி பன்னிரண்டு நாற்பது. கேங் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுதுங்க சார்."

"ஐந்து மணி நேரத்துல அறுநூறு. அப்போ எட்டு மணி நேரத்துல ஆயிரம் பண்ணலாமே அஸ்வந்த்?"

அஸ்வந்த் தலையை ஆட்டினாரா இல்லையா என்று அம்சவேணிக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. அடுத்த சுற்றுக்கான நோட்டீஸ் ஒட்டியபோது ஆளுக்கு ஆயிரம் செடி என்று இருந்தது. கருவி நல்லதாக அமைந்ததற்குக் கிடைத்த கூலி அதுதான். பழைய கருவியோடு சறுக்கிக்கொண்டிருந்திருந்தால் அறுநூறிலேயே விட்டிருப்பார்கள்.

"சார், மொதல் முந்நூறு குத்தற வேகம் கடைசி முந்நூறுல இருக்காதுங்க. ஆள் மெஷின் இல்லீங்களே" என்று அம்சவேணி அஸ்வந்திடம் சொன்னார்.

"எனக்குப் புரியுதுக்கா. உரச் செலவு குறைஞ்சிருக்கு, ஆனா ஆள் நாள் கூடிக் கூலி ஏறியிருக்குன்னு ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க. ரெண்டும் குறைஞ்சாத்தான் அடுத்த வருஷம் மத்த டிவிஷனுக்கும் குடுப்பாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

மத்த டிவிஷனுக்கும் என்ற வார்த்தையில் அம்சவேணி வாயை மூடிக்கொண்டார். ஊற்றின் மறுபக்கச் சரிவு இரண்டாம் டிவிஷனைச் சேர்ந்தது. அங்கே இன்னும் மூட்டை மூட்டையாக வீசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் நின்றால்தான் தண்ணீருக்கு விடிவு. அதனால் கேங்கிடம் போய், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே கேட்டார். அப்படிக் கேட்டதை நினைத்து இப்போதும் தன்னையே திட்டிக்கொள்கிறார்.

மே மாதச் சுற்றில் பெண்கள் ஆயிரம் செடியை மூன்று மணிக்குள் முடித்துவிட்டு வந்தார்கள். அம்சவேணிக்கு ஆச்சரியமாக இருந்தது. பதினாலு பேரும் ஒரே சரிவில் இல்லை, முப்பது ஏக்கரில் பரவி நின்றார்கள். அவர் ஒருவரால் எல்லார் பின்னாலும் நிற்க முடியாது. பழகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒன்பதாம் நம்பரின் கீழ்க்கோடியில் செடிகள் கருகத் தொடங்கின. வரிசையாக இல்லை. இங்கே ஒன்று, பத்துச் செடி தள்ளி ஒன்று. இலை விளிம்பு பழுப்பாகி, பிறகு செடி முழுக்கக் காய்ந்தது. அம்சவேணி கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் ஒரு செடியின் அடியைக் கிளறினார். சாணம் மாதிரி ஒரு கட்டி வந்தது. பாதி கரைந்த உருண்டைகள், நாற்பதுக்கு மேல் இருக்கும். இன்னொரு செடியைக் கிளறினார். அங்கேயும் அதேதான். இருபது செடிக்குப் போக வேண்டியதை ஒரே குழியில் போட்டு மூடியிருந்தார்கள். அந்த இருபது செடிக்கும் எதுவும் இல்லை. குழிக்கு மூன்றடி கீழே கால்வாய்.

அறுபத்து மூன்று செடி கருகியிருந்தது. அவர் எண்ணி முடித்து, ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீசின காலத்திலாவது மண் முழுக்கப் பரவிக் கிடந்தது. இப்போது கட்டிகட்டியாகக் கால்வாய் ஓரத்தில், அதுவும் தண்ணீருக்காக என்று ஆரம்பித்த வேலையில்.

மறுநாள் காலை பிரட்டில், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், அவர் அந்தக் கட்டிகளை ஒரு சாக்கில் கொண்டுவந்து கேங்கின் முன்னால் கொட்டினார்.

"இது யாரு செஞ்சது?"

அம்சவேணி ஒரு கட்டியைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"பேரு கேக்கல. ஏன்னு சொல்லுங்க."

சின்னம்மைதான் முன்னால் வந்தார். "நானுந்தான் போட்டேன். எல்லாருந்தான் போட்டோம். ஆயிரம் செடி ஏறி எறங்க என்னால முடியாது அம்சா. எழுநூறுக்கு மேல காலு நடுங்குது. மிச்சத்த வீட்டுக்குத் தூக்கிட்டா போவ முடியும்? கொண்டுவந்தா, ஏன் மிச்சம்னு நீதானே எழுதுவ?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா? கொஞ்ச நாளு பொறுத்துக்கன்னு சொல்லுவ. நீ கொடைய வச்சிக்கிட்டு நிக்கிற. நீயா குத்துற?"

அம்சவேணிக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. குடையையும் நோட்டையும் பிரட்டுத் திண்டில் வைத்தார். சின்னம்மை கையிலிருந்த கருவியை வாங்கிக்கொண்டு, ஒரு பை உருண்டையோடு ஒன்பதாம் நம்பருக்கு ஏறினார்.

அன்றைக்கு அவர் காலை எட்டு மணிக்குத் தொடங்கினார். முதல் இருநூறு சுலபமாகப் போனது. நானூறில் வலது கை பிடிப்பு விட்டது, இடது கைக்கு மாற்றினார். ஐந்நூறில் லீவர் உள்ளங்கையில் கொப்புளம் போட்டது. பத்து நிமிடத்தில் கஞ்சியைக் குடித்துவிட்டு மறுபடி இறங்கினார். அறுநூற்றைம்பதுக்குப் பிறகு ஒவ்வொரு செடிக்கும் காலை ஊன்றும்போது தொடை ஆடியது. ஒருமுறை சறுக்கி, மூன்று வரிசை கீழே போய்த்தான் நின்றார். கேங்கின் பெண்கள் தங்கள் தங்கள் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் உதவிக்கு வரவில்லை, வர வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். நாலரை மணிக்குச் சங்கு ஊதியபோது எழுநூற்று முப்பது செடி ஆகியிருந்தது. பையில் மிச்சம் ஐந்நூற்று நாற்பது உருண்டை. அவருக்கு அதைக் கால்வாயில் கொட்டிவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது. அந்த எண்ணம் வந்ததும்தான் சின்னம்மை மேலிருந்த கோபம் போயிற்று.

கொப்புளம் உடைந்த கையோடு, மிச்சப் பையையும் எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனார். பெரிய மேனேஜரும் அஸ்வந்தும் இருந்தார்கள். கருகிய செடிகளைப் பற்றி அவரே சொன்னார், எண்ணிக்கையோடு. யார் போட்டது என்று மேனேஜர் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. என் டிவிஷன், நான்தான் பொறுப்பு. இன்னைக்கு நானே குத்திப் பாத்தேன் சார். ஒழுங்காக் குத்தினா எழுநூத்தி முப்பதுதான் முடியுது. ஆயிரம் வேணும்னா இப்படித்தான் குழியில போவும்."

மேனேஜர் பையையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. "உங்க வேலை குத்தறது இல்ல அம்சவேணி. குத்த வைக்கிறது" என்றார்.

"நாலு விரல் ஆழத்துல வைக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க? ஆழம் பாக்கறதா, எண்ணிக்கை பாக்கறதா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க, அதைப் பாக்கறேன்" என்று அம்சவேணி அஸ்வந்த் பக்கம் திரும்பினார்.

அஸ்வந்த் ஜன்னலைப் பார்த்தார். அவருடைய கம்ப்யூட்டர் திரையில் ஒரு படம் திறந்திருந்தது. சில்வஸ்டர் செய்த கருவியோடு சின்னம்மை நிற்கும் படம், அதன் கீழே உரம் முப்பத்திரண்டு சதவீதம் குறைவு என்று ஆங்கிலத்தில். ஹெட் ஆபீசுக்குப் போகிற அறிக்கை. அதில் அறுநூறு, ஆயிரம் எதுவும் இல்லை, சில்வஸ்டர் பெயரும் இல்லை.

இரண்டு நாளில் மெமோ வந்தது. மேற்பார்வைக் குறைவால் அறுபத்து மூன்று செடிகள் சேதம், பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இத்தனை வருடத்தில் அவர் வாங்கிய முதல் மெமோ. அதைச் சமையல் கட்டில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, மூன்று நாளும் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தார்.

நாலாம் நாள் காலை பிரட்டில் பெயர் கூப்பிட்டபோது உர கேங்கில் ஒருவரும் கைநாட்டு மெஷினில் விரல் வைக்கவில்லை. பதினாலு பேரும் கருவியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அம்சவேணிக்கு இது முன்கூட்டித் தெரியாது. சின்னம்மைதான் பேசினார்.

"தொரைகிட்ட சொல்லு. சூப்பர்வைசர் குத்தினது எழுநூத்தி முப்பது. அவ எங்கள விட ஒம்பது வயசு சின்னவ, காலு நல்ல காலு. அத விட ஒரு செடி கூட நாங்க குத்த மாட்டோம். குத்தறத ஒழுங்காக் குத்தறோம். முடியாதுன்னா பழைய மூட்டையக் குடுங்க, வீசிட்டுப் போறோம்."

ஒன்பது மணி வரை நின்றார்கள். கொழுந்து கேங்கின் பெண்களும் மலைக்கு ஏறாமல் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கியதும்தான் அஸ்வந்த் போனை எடுத்தார். மேனேஜரோடு நிறைய நேரம் பேசினார். கடைசியில் எழுநூற்றைம்பது என்று முடிவானது. அந்த இருபது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. எழுநூற்று முப்பது என்று ஒப்புக்கொண்டால் தோற்றதாகிவிடும் என்று மேனேஜருக்குத் தோன்றியிருக்கலாம்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அம்சவேணி ஒப்புக்கொள்ள மாட்டார்.

அடுத்த பிப்ரவரியில் ஷைனா மறுபடி தொட்டித் தண்ணீரை எடுத்து அனுப்பினார். அறுபத்தொன்று என்று வந்தது.

"குறைஞ்சிருக்கு சேச்சி" என்றார் ஷைனா, சந்தோஷமாக.

"பதினொண்ணு. இத்தனை பேரு இடுப்பொடிஞ்சதுக்குப் பதினொண்ணா?"

அவர் அஸ்வந்திடம் போய்க் கேட்டார். அஸ்வந்த் உட்கார வைத்து விளக்கினார். மண்ணுக்கு அடியில் முப்பது நாற்பது வருடத்து உரம் இறங்கிக் கிடக்கிறது. அது ஊற்றுக்கு வந்து தீர இன்னும் பல வருடம் ஆகும். இன்றைக்கு எல்லாரும் நிறுத்தினாலும் உடனே தெரியாது.

"இதை மொதல்லயே ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க எழுந்து நின்னிருப்பீங்களாக்கா?"

நின்றிருப்பேன் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் அது நிஜமா என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தார். ரேகாவின் குழந்தை அதற்குள் சோறு சாப்பிடத் தொடங்கித் திருப்பூருக்குப் போயிருந்தது. லைனில் அடுத்த பிரசவம் ஜூலையில்.

மார்ச் மாதக் கூட்டத்தில் பெரிய மேனேஜர் அந்த வருடத் திட்டத்தை வாசித்தார். ஒன்பதாம் நம்பரில் உருண்டை தொடரும். இரண்டாம் டிவிஷனுக்கும் மற்றவற்றுக்கும் வழக்கம்போல மூட்டை. ஆள் நாள் கட்டுப்படியாகவில்லை என்றார். பேசி முடித்துவிட்டு, "ஆயிரம்னு நின்னிருந்தா எல்லா டிவிஷனுக்கும் குடுத்திருக்கலாம்" என்று அம்சவேணியைப் பார்த்துச் சொன்னார்.

அதாவது தண்ணீர் கெட்டுப்போவதற்கும் இனி அவர்தான் காரணம். கூட்டத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். அம்சவேணி எழுந்தார்.

"ஆயிரம்னு நின்னிருந்தா ஆயிரமும் குழியிலதாங்க போயிருக்கும். நீங்க பேப்பர்ல எழுதியிருப்பீங்க, நாங்க குடிச்சிருப்போம்."

மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் இரண்டாம் டிவிஷன் சூப்பர்வைசர் கொர்னேலியஸ், ட்ரையலுக்கு ஆள் கேட்டபோது தரையைப் பார்த்தவர்களில் ஒருவர், பக்கத்தில் வந்தார். அவருடைய வீடும் அதே தொட்டியில்தான் தண்ணீர் பிடிக்கிறது.

"ஏனுங்க அம்சவேணி, அந்தக் கருவி ஒண்ணு குடுங்க. ரெண்டு ஏக்கர் எங்க டிவிஷன்லயும் பண்ணிப் பாக்கறேன்."

"உருண்டைக்கு எங்கிங்க போவீங்க?"

"உங்க பங்குல மிச்சம் இருக்குமில்லீங்க?"

"மிச்சம் இருந்தா ஏன் மிச்சம்னு மெமோ குடுப்பாங்க" என்றார் அம்சவேணி. சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது, கொர்னேலியஸுக்கும். ஆனால் அவர் கேட்டது நடக்கவில்லை. அஸ்வந்திடம் இருவருமாகப் போய் இரண்டு ஏக்கருக்கு உருண்டை கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஏப்ரலில் அஸ்வந்த் கோயம்புத்தூரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த மனு அவர் மேஜையிலேயே கிடக்கிறதா, மேலே போயிற்றா என்று புதிதாக வந்தவருக்குத் தெரியவில்லை. இருவரும் மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மெமோவுக்கு அம்சவேணி இன்னும் விளக்கம் கொடுக்கவில்லை. எழுநூற்று முப்பதுதான் விளக்கம், அதை ஏற்கெனவே சொல்லியாயிற்று என்கிறார்.

நான் கடைசியாக அவரைப் பார்த்தது மே மாதச் சுற்றின்போது, ஒன்பதாம் நம்பரில். குடை தோளில் தொங்கியது. சின்னம்மையின் கருவியின் மூக்கு வளைந்துவிட்டதால் அம்சவேணியே அதைப் பாறையில் வைத்துக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார். சில்வஸ்டர் புதிய குழாய் கேட்டு ஸ்டோருக்கு எழுதி ஆறு வாரம் ஆகியிருந்தது. மணி இரண்டரை. மற்றவர்கள் முடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மைக்கு இன்னும் நாற்பது செடி பாக்கி.

"நீங்க போங்க அக்கா. இத நான் குத்திட்டு வாறேன்" என்றார் அம்சவேணி.

"நீ குத்தக் கூடாதுன்னு தொரை சொன்னாருல்ல?"

"அவரு ஜீப்ல இருந்து எறங்கட்டும் மொதல்ல" என்று சொல்லிவிட்டு, மூக்கை இன்னொரு தடவை தட்டினார். அது நேராகவில்லை.